கூரை போடும் இரும்புச் சீட் விலை ஏன் ஏறியது என்று கேட்பவர்களுக்கு, கடையிலிருந்து

பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கஞ்சிக்கோடு பக்கமிருந்து நம்ம இரும்புக் கடைக்கு வரும் எல்லோருக்கும் வணக்கம்.

மொட்டை மாடியில் ட்ரஸ், அதாவது இரும்புச் சட்டம் கட்டி மேலே சீட் கூரை, போட வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: முன்பு வெளிநாட்டுச் சீட் மலிவாகக் கிடைத்ததே, இப்போது ஏன் இல்லை? கல்லாவில் கூட்டத்துக்கு நடுவே சொன்னால் பாதிதான் போய்ச் சேரும், அதனால் எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 21 முதல், இறக்குமதியாகும் தகட்டு உருக்குக்கு, அதாவது காயில் (சுருட்டிய தகடு), பிளேட், ஜிஐ சீட் (துத்தநாகம் பூசியது), கலர் சீட் வகையறாவுக்கு, உள்நாட்டு ஆலைகளைக் காக்க மத்திய அரசு 12 சதவீதப் பாதுகாப்பு வரி போட்டது. முதலில் 200 நாளுக்கு என்று வந்தது, அப்புறம் மூன்று வருடமாக்கி, இரண்டாம் வருடம் 11.5, மூன்றாம் வருடம் 11 என்று இறங்குகிற மாதிரி வைத்தார்கள். கட்டடக் கம்பி இதில் வராது. வரியைக் காட்டி யாராவது கம்பிக்குக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பைப் வேறு கதை, அது காயிலை வளைத்துச் செய்வது, காயில் ஏறினால் அதுவும் ஏறும்.

ஏன் இந்த வரி? உலகத்து உருக்கில் பாதிக்கு மேல் சீனாவில் உருகுகிறது. 2021-க்குப் பிறகு அங்கே வீடு கட்டும் தொழில் படுத்துவிட்டது, ஆனால் உலைகள் படுக்கவில்லை. மிஞ்சிய சரக்கு கப்பல் ஏறியது, 2024-ல் மட்டும் 11 கோடி டன்னுக்கு மேல். 2023-24-லும் 2024-25-லும் நாம் வெளிநாட்டுக்கு விற்ற உருக்கைவிட வெளியிலிருந்து வாங்கியது அதிகம், இத்தனைக்கும் உற்பத்தியில் உலகத்தில் இரண்டாவது இடம் நமக்கு. சித்தூர் தாலுகாவில் நெல் அறுக்கிற நேரம் பார்த்து வெளி நெல் லோடு லோடாக வந்து இறங்கினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும். டன் 675 டாலரோ அதற்கு மேலோ விலை வைத்து வருகிற எச்.ஆர். காயிலுக்கு (சூட்டோடு உருட்டிய தகட்டுக்கு) இந்த வரி கிடையாது. அடிமாட்டு விலைக்கு வந்து இறங்குவதைத்தான் பிடிக்கிறார்கள், அதனால்தான் இதை நியாயம் என்கிறேன்.

கஞ்சிக்கோட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிறவர்களை நம்மில் பலருக்கு நேரில் தெரியும். ஆயிரத்து அறுநூறு டிகிரி பக்கம் கொதிக்கிற உலை முன்னால் நின்று செய்கிற வேலை. அவர்கள் செய்வது கம்பி, இந்த வரி அவர்களை நேராகக் காப்பாற்றாது. ஆனாலும் ஆர்டர் குறைந்தால் ஆலை யாரை முதலில் நிறுத்தும் என்று அவர்களைக் கேளுங்கள். கான்ட்ராக்ட் ஆட்களை. அப்புறம் லோடுமேன், லாரி, எடைமேடை, வாசலில் இருக்கும் சாயாக்கடை. காயில் ஆலையிலும் இதே வரிசைதான்.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார் கோபப்படுவதும் சரிதான், அவர்களும் இரும்பை நம்பிப் பிழைப்பவர்கள், ஒப்புக்கொண்ட ரேட்டுக்கு வேலை முடித்துத் தர வேண்டியவர்கள். வரி இருக்கிறது என்ற தைரியத்தில் பெரிய ஆலைகள் தங்கள் விலையை இஷ்டத்துக்கு ஏற்றினால் அதுவும் அநியாயம், அதையும் கேட்க வேண்டும்.

கடையில் செய்வது இதுதான். பில்லில் ஆலைப் பெயர், கனம், ஜிங்க் கோட்டிங் (துத்தநாகப் பூச்சு) மூன்றையும் எழுதித் தருகிறோம். கலர் சீட்டில் கனம் 0.45 மி.மீ. என்றால் பெயின்ட்டையும் சேர்த்தா, வெறும் இரும்பா என்று கேளுங்கள், எங்கே வாங்கினாலும் கேளுங்கள். மலிவுச் சீட்டில் ஏமாற்று நடப்பது பெரும்பாலும் அங்கேதான். ஸ்க்ரூகேஜ் மேஜை மேலேயே இருக்கும், உங்கள் கையாலேயே அளந்து பார்க்கலாம். அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குப் பழைய ரேட்தான். இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் ட்ரஸ் முடிக்க நினைப்பவர்கள் மாடி அளவை மே மாதத்துக்குள் கொண்டு வாருங்கள், நீளத்துக்கு வெட்டி வாங்க ஒரு வாரமாவது வேண்டும்.