வங்கி வரிசையில் நின்ற அந்த அக்காவுக்கு நன்றி

சீனாவின் செங்து நகரில் வங்கி வரிசையில் எனக்குப் பின்னால் நின்று, படிவத்தில் பெயரைத் திருத்திக் கொடுத்த அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

சீனாவுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களே, அவர் காட்டியது இதுதான்: வங்கிக் கணக்கு, செல்பேசி எண், வீசாட் (பேசவும் பணம் செலுத்தவும் பயன்படும் செயலி) மூன்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, பெரிய எழுத்தில், அதே வரிசையில் இருக்கட்டும். ஓர் இடைவெளி மாறினாலே வங்கி அட்டை வீசாட்டில் இணையாமல் போகலாம்; சம்பளம் வந்தும் காய்கறிக்கடையில் கியூஆர் ஸ்கேன் செய்ய முடியாது. குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும் நம் பாஸ்போர்ட்டுகளுக்கு இது பெரிய தலைவலி. பாஸ்போர்ட் புதுப்பித்தால் வங்கியிலும் புது எண்ணைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு முடங்கிவிடலாம்.

ஹோட்டல் இல்லாமல் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு. இசட் (Z) விசா, அதாவது வேலை விசா என்றால் 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அக்கா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.