பாப்பாவுக்கு, 501-வது யூனிட் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

புது வீட்டில் ஏசி மாட்டியாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனால் இனி கரண்டுக்கு என்று குத்துமதிப்பாக ஒரு தொகையை ஒதுக்கி வைத்தால் கட்டுப்படியாகாது. இரண்டு மாதத்தில் மொத்தம் எத்தனை யூனிட் ஓடியது என்பதைப் பொறுத்துத்தான் நம் தமிழ்நாட்டில் விலையே.

2024 ஜூலையில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. சரியாக 500-ல் நின்றால் 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048! அந்த ஒரு யூனிட்டின் விலை 8.40தான். மீதி 235 ரூபாய், 101 முதல் 200 வரை இருந்த சலுகை பறிபோனதற்கு. 500-ஐத் தாண்டினால் அந்த நூறு யூனிட்டுக்கும் 2.35-க்குப் பதில் 4.70 போட்டுவிடுவார்கள்.

அதனால் ரீடிங் எடுக்கும் தேதியைக் கவனி. ஒரு நாளைக்கு 8 யூனிட் என்றால் 60 நாளில் 480, பில் 1,679. ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தால் 512, பில் 2,140. அடுத்த முறை நாள் குறையுமே, சரியாகிவிடாதா என்பாய். 56 நாளுக்கு 448 யூனிட், 1,477 வரும். ஏறியது 460, இறங்கியது 200தான். இப்படி ஆனால் சும்மா விடாதே, தேதியோடு புகார் கொடு. அதற்கு வாராவாரம் மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்திரு. திரையில் எண்கள் மாறி மாறி வரும். கேடபிள்யூஎச் (kWh, அதுதான் யூனிட்) என்று காட்டும்போது எடுக்க வேண்டும்.

ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஏசி, 26 டிகிரியில் எட்டு மணி நேரத்துக்கு ஆறு யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொள். 60 நாளுக்கு 360. ஃபில்டரில் தூசி அடைத்தால் இன்னும் கூடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவு. பழைய ஃபேன் 75 வாட். பிஎல்டிசி (BLDC) என்று கரண்டை மிச்சப்படுத்தும் மோட்டாரோடு வரும் புது ஃபேன் 30 வாட்தான். தினம் 16 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனிலேயே பில்லுக்கு 43 யூனிட் மிச்சம். 500-ஐ ஒட்டி நிற்கிற வீட்டுக்கு அது பெரிய விஷயம். போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பதெல்லாம் மனத்திருப்திக்குத்தான்.

சிலிண்டர் விலை ஏறுகிறது என்று இண்டக்‌ஷனுக்கு மாறப் பார்க்கிறாயாமே. 14.2 கிலோ சிலிண்டர் செய்கிற சமையலுக்கு ஏறக்குறைய 125 யூனிட் ஆகும். 4.70 விலையில் 590 ரூபாய்க்குள் முடியும். 8.40-ல் 1,050. ஆகவே ஏசி ஓடாத மார்கழி, தை மாதங்களில் இண்டக்‌ஷன், சித்திரை, வைகாசியில் கேஸ் என்று வைத்துக்கொள்.

இரண்டு வாரம் மீட்டர் எண்ணைக் குறித்து அனுப்பு, மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று பார்க்கலாம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா