அவசரப்படுத்தாமல் உதவியவர்களுக்கு நன்றி

முதியோர் இல்லத்தின் உதவியாளர்கள், செவிலியர்கள், சமையலறையினர், சலவைப் பிரிவினர் அனைவருக்கும்,

வணக்கம். வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கண்ணுக்குச் சுத்தமான அறையும் வாரிய தலையும்தான் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பற்றித்தான் இந்த மடல்.

முதல் நன்றி காலை நேர உதவியாளர்களுக்கு. பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தவருக்கு நீங்களே சட்டை போட்டுவிட்டால் 2 நிமிடத்தில் வேலை முடியும். அவரே போட்டுக்கொள்ள 20 நிமிடம்கூட ஆகலாம். போடும்போது தளர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்து, சிக்கலான மேல் பொத்தானை மட்டும் போட்டுவிட்டு, மீதியை அவர் கையிலேயே விட்டுப் பக்கத்தில் நிற்கிறீர்கள். அடுத்தவர் செய்துவிடச் செய்துவிட, உள்ள திறனும் மெல்ல மெல்லப் போய்விடும். முதுமையில் போனதை மீட்பது கடினம். பாசத்தில் எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிடலாம், வீடுகளில் பெரும்பாலும் நடப்பது அதுதான். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

அதே பொறுமையைப் படுக்கையிலிருந்து எழுப்பும்போதும் பார்க்கிறோம். படுத்திருந்தவரை நேரே நிற்க வைத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடலாம். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளி குறைந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அதனால் கட்டில் ஓரத்தில் கால் தொங்க ஓரிரு நிமிடம் உட்கார வைத்து, பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி, தலை சுற்றவில்லை என்று கேட்ட பிறகே எழுப்புகிறீர்கள். சக்கர நாற்காலியில் உட்கார வைக்கும்போது பிரேக்கைப் பூட்டுவதோடு கால்தாங்கியையும் மடக்கிவிடுகிறீர்கள். கால்தாங்கியில் ஏறி நின்றால் நாற்காலியே முன்பக்கம் கவிழும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகைக்கு நேராக வாக்கர் பிடி இருக்கும்படி அமைத்து, தேய்ந்த ரப்பர் குமிழ்களையும் மாற்றித் தரும் பிசியோதெரபிஸ்டுக்குத் தனி நன்றி.

இரவுப் பணியில் இருப்பவர்களை நாங்கள் நேரில் பார்ப்பதே அரிது. தானாகப் புரள முடியாதவருக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க, அவரை 2 மணி நேரத்துக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள். முழுப் பக்கவாட்டில் கிடத்தினால் இடுப்பெலும்பு அழுந்தும் என்பதால், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி மட்டும் சாய்க்கிறீர்கள். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொரு தலையணை. கட்டிலின் தலைப்பக்கமாக நகர்த்த வேண்டுமானால் இழுப்பதில்லை, விரிப்போடு இருவராகத் தூக்குகிறீர்கள். இழுத்தால் தோல் ஓரிடத்தில் நிற்க, உள்சதை நகர்ந்து கிழியும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி, வெளுக்காவிட்டால் அப்போதே செவிலியருக்குச் சொல்லிவிடுகிறீர்கள். குடும்பத்தார் ஆசையாய் வாங்கி வரும் நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையைப் பணிவாக மறுப்பதற்கும் நன்றி. அதன் விளிம்பு ரத்த ஓட்டத்தைத் தடுத்துப் புண்ணை மோசமாக்கும்.

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குச் சமையலறையினர் பதம் பார்த்துச் செய்து தருகிறார்கள். ஊட்டுபவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, அரைக் கரண்டி கொடுத்து, விழுங்கியாயிற்றா என்று பார்த்துத்தான் அடுத்த வாய் கொடுக்கிறார். தண்ணீர் போல நீர்த்ததுதான் எளிதில் மூச்சுக்குழாய்க்குள் போகும். சாப்பிட்டதும் படுக்கச் சொல்லி அடம்பிடிப்பவரையும் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வைத்துவிடுகிறீர்களே, அந்தச் சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது!

செவிலியர்களே, மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாளைக்குரிய மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கும் என்று சொல்லி, மருத்துவரிடம் மாற்று வடிவம் கேட்டு வாங்கினீர்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடவில்லை. சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, நீர் வற்றியதா, புதிதாகச் சேர்த்த மருந்தா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள்.

கடைசியாகச் சலவைப் பிரிவினருக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும். காது மிஷின் தலையணை உறைக்குள் போகும், பல்செட் காகிதத்தில் சுருட்டப்பட்டுச் சாப்பாட்டுத் தட்டோடு குப்பைக்குப் போகும். உறைகளை உதறி, தட்டுகளைத் துழாவி அவற்றை மீட்டுத் தருவது நீங்கள்தான். பெயர் எழுதாத ஒரே நிறச் சட்டைகளை நீங்கள் பிரித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தோம். எல்லாத் துணிகளிலும் கழுத்துப் பட்டையின் உட்புறம் பெயர் தைத்துத் தந்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
குடியிருப்போரின் குடும்பத்தார்