கேட்டுவிட்டுக் கட்டலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் மக்களின் தேவையறிந்து தயாராக வேண்டும் என்பது விதி. எங்கள் ஊராட்சியிலோ தீர்மானங்கள் முன்கூட்டியே தட்டச்சாகி வந்துவிடுகின்றன. கையெழுத்துப் போடுவது மட்டும்தான் நம் வேலை. விளைவு, பூட்டியே கிடக்கும் சமுதாயக் கூடத்துக்கு அருகிலேயே இன்னொரு கூடம்! மேலத்தெருப் பெண்களைக் கேட்டிருந்தால், அவர்கள் வயலுக்குப் போன பிறகு 10 மணிக்குக் குழாயில் வரும் தண்ணீரை 6 மணிக்குத் திறந்துவிடச் சொல்லியிருப்பார்கள். அதற்கு ஒரு ரூபாய் நிதியும் தேவையில்லை. ஒப்பந்தம் விட முடியாத தேவை என்பதால் யார் காதிலும் விழவில்லை போலும்.

1996-இல் கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, கிராம சபைகளில் மக்கள் துறைவாரியாகக் குழுக்களாக அமர்ந்து குறைகளைப் பேசினார்கள். அவற்றோடு உள்ளூர்த் தகவல்களையும் சேர்த்து ஊராட்சிகள் வளர்ச்சி அறிக்கை தயாரித்தன. திட்டம் அதன் பிறகுதான் வந்தது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கே ஒதுக்கப்பட்டதால் பேச்சுக்கு மதிப்பும் இருந்தது.

இங்கும் அக்டோபர் 2 கிராம சபைக்கு முன், மாலை வேளையில் தெருத்தெருவாகச் சென்று கேளுங்கள். பெண்களைத் தனியாகவும் கேளுங்கள். அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டுக் கூட்டத்தைத் தொடங்குங்கள்.

- ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்