ஏ மைனஸும் அந்தப் பத்து மதிப்பெண்ணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில் பல்கலைக்கழகம் புகுமுன் ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வின் முடிவு வெளிவரும்போதெல்லாம், பிள்ளையைப் பல் மருத்துவராக்க விரும்பும் பெற்றோர் ஒரேயொரு ஏ மைனஸைக் கண்டு மனம் உடைந்து போவதை, சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவத்துக்கு வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். அவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு என்பதே என் எண்ணம்.

ஏ-க்கு 4.00 புள்ளி, ஏ மைனஸுக்கு 3.67. பெங்காஜியான் அம் என்னும் பொது அறிவுப் பாடம், உயிரியல், வேதியியல், கணிதம் ஆகிய நான்கில் மூன்று ஏ-யும் ஓர் ஏ மைனஸும் பெற்றவருடைய ஒட்டுமொத்தச் சராசரி, அதாவது பி.என்.ஜி.கே., 3.92. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான மைய விண்ணப்ப முறையாகிய யு.பி.யு.வின் தகுதி மதிப்பெண்ணில் கல்விக்கு 90, விளையாட்டு, சங்கம் போன்ற புறப்பாடத்துக்கு 10. சராசரியை நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்கினால் 3.92-க்கு 88.2 வருகிறது, இழப்பு 1.8 மட்டுமே. அந்த ஏ மைனஸ் உயிரியலில் விழுந்ததா, பெங்காஜியான் அம்மில் விழுந்ததா என்பதைச் சராசரி காட்டாது என்பது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. ஆயினும் தோட்டப்புறங்களில் வாழும் பிள்ளைகளுக்குப் பெரிய அடி வேறோர் இடத்தில் விழுகிறது.

புறப்பாட மதிப்பெண் வகித்த பொறுப்பு, பங்கேற்பு, அடைவு ஆகியவற்றைப் பொறுத்தது. போட்டி மாவட்டத்தைத் தாண்டி மாநிலம், தேசியம் என்று உயர உயர அதுவும் உயரும். மாலைப் பயிற்சிக்குத் தங்கினால் தோட்டத்துக்குத் திரும்ப வண்டி கிடைக்காத பிள்ளை, படிப்பில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், இதில் பின்தங்கித்தான் போகிறது. 4.00 பெற்று இதில் 6 மட்டும் எடுத்தவருக்கு மொத்தம் 96, 3.92 பெற்று 9 எடுத்தவருக்கு 97.2. பல் மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. ஆனால் அதற்கு அழைப்பு வருவதற்கே இந்த எண் கைகொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஆறாம் படிவத்தின் முதல் வாரத்திலேயே பள்ளிகள் பெற்றோரிடம் விளக்க வேண்டும். கூடுதல் வகுப்புக்குத் தாராளமாகப் பணம் திரட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், வாரத்தில் இரண்டு மாலைகளுக்கு ஒரு வேனை அமர்த்துவது பற்றியும் தங்கள் அடுத்த கூட்டத்தில் பேச வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.