'என் குடும்பம்' தாளில் அம்மாச்சிக்கு இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செல்லூரில் இருந்து எழுதுகிறேன். என் பேத்தி ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளியில் 'என் குடும்பம்' என்று ஒரு தாள் கொடுத்து விட்டிருந்தார்கள். அப்பா, அம்மா, நான், தம்பி அல்லது தங்கை என்று நாலு கட்டம், ஒவ்வொன்றிலும் போட்டோ ஒட்ட வேண்டும். அவள் அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது, மகளும் பேத்தியும் என்னோடும் என் மகனோடும்தான் இருக்கிறார்கள். பிள்ளை ரொம்ப நேரம் யோசித்துவிட்டு அப்பா கட்டத்தில் தன் தாய்மாமன் படத்தை ஒட்டினாள், தம்பி கட்டத்தில் என்னை வரைந்தாள், கொண்டையும் மூக்குத்தியும் போட்டு. தாள் திரும்பி வந்தபோது இரண்டையும் சிவப்பு மையில் சுழித்திருந்தது. ராத்திரி படுக்கும்போது கேட்கிறாள், "அம்மாச்சி, நீ நம்ம குடும்பம் இல்லையா?"

அது கடையில் விற்கிற அச்சடித்த தாள், டீச்சர் தயாரித்தது இல்லை, தெரியும். ஆனால் நான் 27 வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் "உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறாரு?" என்று வரிசையாகக் கேட்டவள்தான். ஒரு பையன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான், அதோடு அந்தக் கேள்வியை விட்டேன். என்னிடம் வந்த பிள்ளைகளில் அப்பா அம்மா இருவரும் திருப்பூரில் இருக்க அப்பத்தா வளர்த்தவை உண்டு, அப்பா துபாயில் இருந்ததால் போனில் மட்டுமே பார்த்தவை உண்டு, தத்துப்பிள்ளையும் உண்டு. ஒன்று அப்பாவை ஐயா என்னும், இன்னொன்று அத்தா என்னும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசிவிட்டு வாசல் தாண்டினால் தமிழ் பேசுகிற பிள்ளைகளும் இருந்தார்கள். அப்புறம் நான் கேட்டதெல்லாம் வேறு கேள்விகள்: காலையில் உனக்குத் தலை சீவி விட்டது யாரு? சோறு பிசைஞ்சு குடுத்தது யாரு? காய்ச்சல் வந்தா யாரு தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க? இதற்குப் பதில் இல்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. சித்தி, பெரியம்மா, அக்கா, பக்கத்து வீட்டு ஆச்சி என்று வரும். ஒரு பெண் "எங்க அப்பாதான் சடை பின்னுவாரு" என்றதும் எல்லாம் சிரித்தன. மறுநாள் இன்னொருத்தி தன் அப்பாவிடம் அடம்பிடித்துப் பின்னிக்கொண்டு கோணல்மாணலாக வந்து நின்றாள். எல்லா வீட்டிலும் தலை சீவி விட ஒரு ஆள் இருக்கிறது, அது யார் என்பதுதான் வீட்டுக்கு வீடு வேறு. மூன்று வயதுப் பிள்ளைக்கு இது புரிகிறது.

"அவனுக்கு ஏன் அப்பா இல்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டால் உஸ் என்று அடக்காதீர்கள், அடக்கினால்தான் அது கேலியாக மாறும். இறந்துபோயிட்டாரு, அவங்க அப்பத்தா பார்த்துக்கிறாங்க என்று சொல்லிவிடலாம். பிரிந்து போனவர் என்றால் வேற வீட்டில் இருக்காரு, அவ்வளவு போதும். ஊருக்குப் போயிருக்காரு என்று மட்டும் சொல்ல வேண்டாம், சின்னப் பிள்ளை அதை நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அதுவும் இந்த மதுரையில் தாய்மாமனைச் சுழிக்கலாமா? மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்துகிறோம்? நம் மீனாட்சிக்கே அப்பா மலயத்துவச பாண்டியன் இறந்தபிறகு நடந்த கல்யாணம் அது, அண்ணனாக நின்று தாரை வார்த்துக் கொடுத்தவர் பெருமாள். மீனாட்சி கோயில் கம்பத்தடி மண்டபத்தில் அந்தக் காட்சி சிலையாகவே நிற்கிறது. என் பேத்திக்கு அதைக் காட்டி, பாரு, மீனாட்சி வீட்டிலும் இப்படித்தான் என்று சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2000 ரூபாய் தர அரசே 2025இல் 'அன்புக் கரங்கள்' திட்டம் கொண்டுவந்தது. அந்தப் பிள்ளைகளும் இதே வகுப்புகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் சின்னது: கட்டம் போட்ட தாளுக்குப் பதில் வெள்ளைத் தாள் கொடுங்கள், வீட்டில் இருப்பவர்களை வரையச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு 'தாய் தந்தை இருவரும் தவறாமல் வரவும்' என்று அனுப்புவதை 'வீட்டுப் பெரியவர் ஒருவர் வரவும்' என்று மாற்றுங்கள்.

நேற்று நானே ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். நடுவில் அவளும் அம்மாவும், ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் மாமாவும் அவர் எக்செல் வண்டியும், மேலே சுவரில் மாலை போட்ட அப்பா படம். திங்கட்கிழமை அதைப் பள்ளிக்குக் கொடுத்து விடுகிறேன், மற்ற பிள்ளைகள் வரைந்ததோடு சேர்த்து வகுப்புச் சுவரில் ஒட்டும்படி டீச்சரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
செல்லூர், மதுரை.