பேய் பார்க்கப் போன அம்மா எழுதுவது

அன்புள்ள கயலு,

நீ முதலில் கேட்கப் போவதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். பேய் வரவில்லை. வந்திருந்தாலும் உங்கப்பா விட்ட குறட்டைக்குப் பக்கத்து அறைக்கு ஓடியிருக்கும்.

ஹரித்வாரும் ரிஷிகேஷும் நல்லபடியாக முடிந்த கதையைப் போனில் சொல்லிவிட்டேன். பேய் இருக்கிறது என்று பேர் வாங்கிய இந்த முசூரி சவாய் ஹோட்டல் கதையைப் போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் "சரி, பேய் எங்கே?" என்று கேட்டே கெடுத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

டேராடூனிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுக்கு மேல் வளைவு. உங்கப்பா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே மலை ஏறினார். ஹோட்டல் ஊரின் லைப்ரரி பக்கம் இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும், நீ பணம் கட்டிவிட்டாய் என்று தெரிந்தும், ஒரு ராத்திரிக்கு எவ்வளவு என்று ரிசப்ஷனில் கேட்டார். பதில் வந்த பிறகு ஒரு காபி சொல்லக்கூடப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

கட்டடம் பெரிது. 1902-ல் திறந்தது. லக்னோவில் வக்கீல் தொழில் செய்த லிங்கன் என்ற ஐரிஷ்காரர் கட்டியது. ரயில் டேராடூனுக்கு வந்ததே 1900-ல்தான். அதற்கு மேல் மோட்டார் ரோடு கிடையாது. கட்டில், பீரோ, பில்லியர்ட்ஸ் மேஜை, பியானோ எல்லாமே மாட்டு வண்டியில் ஏறி வந்தவையாம். நாங்கள் வந்த அந்த வளைவுகளில் ஒரு பியானோவை ஏற்றிய மாடுகளை நினைத்துப் பார்த்தேன். இங்கே பேயாக அலைய யாருக்காவது நியாயம் உண்டென்றால் அந்த மாடுகளுக்குத்தான்.

சரி, உன் பேய்க்கு வருகிறேன்.

சாயங்காலம் டீ கொண்டுவந்தவர் கட்வாலி, அதாவது இந்த மலைப்பக்கத்துக்காரர், வயதானவர். மத்யமா வரை படித்த என் ஹிந்தியில் மெதுவாக ஆரம்பித்தேன். அவர் அதற்காகவே காத்திருந்தவர் போலச் சொன்னார். 1911-ல் பிரான்சிஸ் கார்னெட்-ஓர்ம் என்ற வெள்ளைக்கார அம்மாள் இங்கே தங்கியிருந்தாள். நாற்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. கூட ஈவா மவுண்ட்ஸ்டீஃபன் என்று ஒரு தோழி. இரண்டு பேருக்குமே ஆவியோடு பேசுவதிலும் பளிங்கு உருண்டையில் குறி பார்ப்பதிலும் பெரிய ஈடுபாடு. தோழி லக்னோவுக்குக் கிளம்பிப் போனாள். சில நாளில் இந்த அம்மாள் தன் அறையில் இறந்துகிடந்தாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்ததாம். விஷம் என்று தெரிந்தது. தோழியைப் பிடித்து அலகாபாத்தில் வழக்கு நடத்தினார்கள், விடுதலையாகிவிட்டாள். கொன்றது யார் என்று இன்று வரை தெரியாது. அதனால் அந்த அம்மாள் ராத்திரியில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டுக்கொண்டு போகிறாளாம். எந்த அறை என்று கேட்டேன். கையை ஒரு பக்கம் காட்டினார். காலையில் இன்னொரு பையனைக் கேட்டேன், அவன் வேறு பக்கம் காட்டினான்.

உன் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் ஜி.எச். மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள். விஷம் என்று யாராவது சொன்னால் என் புத்தி பேயின் பக்கம் போகாது, பாட்டிலின் பக்கம்தான் போகும். அந்த அம்மாளைக் கொன்றது புரூசிக் ஆசிட், அதாவது சயனைடு. வயிற்றுக்காக அவள் குடித்துவந்த சோடா பைகார்பில் கலந்திருந்தது என்பது வழக்கு. சோடா பைகார்ப் யாருக்கும் சந்தேகம் வராத சாமான். நீ சின்னப்பிள்ளையில் வயிற்றுவலி என்று அழுதால் ஒரு மூடி ஊற்றுவேனே, அந்தக் கார்மினேட்டிவ் மிக்சரிலும் அது உண்டு. புரூசிக் ஆசிட்டும் அப்போது அபூர்வமான பொருள் இல்லை. ரொம்ப நீர்த்த அளவில் இருமல் மருந்திலேயே சேர்த்திருக்கிறார்கள். அளவு கூடினால் உடம்பின் அணுக்கள் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ள முடியாமல் போகும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் பிரயோஜனம் இல்லை. சில நிமிஷங்களில் முடிந்துவிடும். கசப்பு பாதாம் வாசனை வரும் என்பார்கள். அந்த வாசனை எல்லா மூக்குக்கும் எட்டாது, அது பிறவியிலேயே அமைவது.

ஆகவே கதவு உள்ளே தாழிட்டிருந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. பாட்டிலில் கலந்துவைத்தவன் கதவைத் திறந்துகொண்டு வர வேண்டிய அவசியமே இல்லையே. கலந்தது யார் என்பதுதான் கேள்வி. அதை நீதிமன்றமே முடித்துச் சொல்லாதபோது நான் சொல்ல முடியுமா?

இந்தச் சாவைக் கேள்விப்பட்டுத்தான் அகதா கிறிஸ்டி தன் முதல் நாவலை எழுதினாள் என்று இங்கே எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. கிறிஸ்டி முதல் உலகப் போர் சமயத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவள், நம்ம ஜாதி! அந்த நாவலில் வரும் விஷம் ஸ்ட்ரிக்னின். நம் எட்டிக்கொட்டையில் இருக்கிறதே, அதுதான். மருந்து பாட்டிலில் எது அடியில் தங்கும், கடைசி வேளை மருந்து ஏன் ஆபத்து என்றெல்லாம் தெரிந்துகொள்ள அவளுக்கு முசூரிச் செய்தி எதற்கு? மிக்சர் கொடுக்கும்போது "நல்லா குலுக்கிக் குடிங்க" என்று ஜன்னலில் நான் கத்தியது எத்தனை பேர் காதில் விழுந்தது? வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சிரப் பாட்டிலில் வாங்கிக்கொண்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் முதல் இரண்டு நாள் குடித்துவிட்டு, "மருந்து கேட்கலையே" என்று வந்து நிற்பார்கள். கிறிஸ்டியும் அப்படிப்பட்ட ஜனங்களைப் பார்த்திருப்பாள்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும், சத்தம் கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. யாரோ ஒவ்வொரு அடியாக நடந்து வருவது போல. உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டேன். பகல் வெயிலில் காய்ந்த பழைய மரம், ராத்திரிக் குளிரில் சுருங்கும்போது முறுக்கு விடும் சத்தம் அது. நம் பாளையங்கோட்டை வீட்டு உத்தரமும் மார்கழியில் அப்படித்தான். ஆனால் அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. அந்த அம்மாளையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டானாம். அப்புறம் இத்தனை தூரம் வந்து, ஹோட்டல் அறையில் குடியிருந்து, செத்தவர்களோடு பேசப் பார்த்திருக்கிறாள். செத்த பிறகாவது விடுகிறார்களா? தினமும் டூரிஸ்டுகளுக்காகக் கதவு தட்ட வைக்கிறார்கள்.

இனி நீ கேட்காத கதை. எனக்குப் பேயை விட இதுதான் பெரிதாகப் பட்டது. ஆனால் அந்த டீக்காரரோ வேறு யாருமோ இதைச் சொல்லவில்லை. நான் நேரு எழுதிய சுயசரிதையில் எப்போதோ படித்தது.

1920-ல் நேரு தன் அம்மா ஸ்வரூப் ராணி, மனைவி கமலா, தங்கைகள், குழந்தை இந்திரா எல்லாரோடும் இதே ஹோட்டலில் தங்கியிருந்தார். அம்மாவுக்கும் மனைவிக்கும் உடம்பு சரியில்லை. அதே சமயம், முந்தின வருஷச் சண்டைக்குப் பிறகு ஆப்கானிஸ்தானுக்கும் வெள்ளைக்காரனுக்கும் முசூரியில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆப்கன் தூதுக்குழுவும் இதே ஹோட்டலில்தான். நேரு அவர்களில் ஒருவரோடும் பேசியதில்லை. ஒரு நாள் போலீஸ் அதிகாரி வந்து, "ஆப்கானியரோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள்" என்றார். தொடர்பு வைத்துக்கொள்ளும் எண்ணமே அவருக்கு இல்லை. ஆனாலும் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றார். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேறு என்று உத்தரவு வந்தது. நோயாளிகளை விட்டுவிட்டு அலகாபாத் போனார். அந்த நாட்களில்தான் பிரதாப்கட் பக்கத்து விவசாயிகள் சுமார் இருநூறு பேர் ஐம்பது மைல் நடந்து அலகாபாத் வந்து தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். அவர்கள் கூப்பிட்டு இவர் கிராமங்களுக்குப் போனார். முசூரியிலிருந்து துரத்தாமல் இருந்திருந்தால் அந்த ஜனங்களோடு அப்போது பழக்கமே ஏற்பட்டிருக்காது என்ற மாதிரி அவரே எழுதியிருக்கிறார்.

அப்பா மோதிலால் லெப்டினன்ட் கவர்னருக்கு எழுதிப் போட்டு, உத்தரவு ரத்தானது. நேரு திரும்பி வந்தார். ஹோட்டல் முற்றத்தில் நுழைந்ததும் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? ஆப்கன் தூதுக்குழுவில் ஒருவர், இந்திராவைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்! இவரை வெளியேற்றிய செய்தியைப் பேப்பரில் படித்த பிறகுதான் அவர்கள் இந்தக் குடும்பத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள். தினமும் அம்மாவுக்குப் பழமும் பூவும் கூடையில் அனுப்பியிருக்கிறார்கள். தொடர்பே கூடாது என்று ஒரு சர்க்கார் போட்ட உத்தரவு, அந்தத் தொடர்பை உண்டாக்கி வைத்துவிட்டது.

இந்திராவுக்கு அப்போது இரண்டரை வயசு. நம் குட்டிக்கும் அதே வயசுதான். காலையில் அந்த ஹோட்டலின் முன்புறத்தில் நின்று, அந்த ஆப்கானியர் எந்த இடத்தில் அவளைத் தூக்கி வைத்திருந்திருப்பார் என்று தேடினேன். உங்கப்பா, "கையெழுத்துப் போட்டு வைத்திருப்பார்களா என்ன, வா, டிபன் நேரம் முடியப் போகிறது" என்று இழுத்தார். இலவச டிபனை விட்டுவிட அவர் தயாராக இல்லை. பூரி மட்டும் எத்தனை சாப்பிட்டார் என்று நான் எழுதப் போவதில்லை.

நீ அனுப்பும் போட்டோக்களில் அந்த டே கேர் அம்மாள் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாளே, தலையில் துணி கட்டிக்கொண்டு. உண்மையைச் சொன்னால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு இடறல் இருக்கும். நான் தூக்க வேண்டிய பிள்ளையை கனடாவில், கால்கரியில் யாரோ தூக்குகிறாளே என்று. உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

மால் ரோட்டில் குட்டிக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். கை கொஞ்சம் நீளம், மடித்துப் போட்டுவிடு. கூடவே ஒரு சால்வை. உனக்கு இல்லை, அந்த அம்மாளுக்கு. பெயர் தெரியாததால் மேலே எழுதவில்லை, நீ எழுதிக் கொடு. கலர் எது பிடிக்கும் என்று தெரியாமல் மெரூன் எடுத்தேன். பிடிக்கவில்லை என்றால் அதை நீ வைத்துக்கொள், அவளிடம் கேட்டுச் சொல், வேறு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா